தோட்டா அடைத்தவருக்குக் காது அடைத்தது

ஆர்விட் டோலஃப்சன் அறுபத்தாறு வயதில் செவிடாகிவிடுவது என்று தீர்மானித்தார். நன்றாக யோசித்து எடுத்த தீர்மானம். தானியக் கிடங்கு வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு மனிதர் யோசித்து எடுத்த ஒரே தீர்மானமும் அதுதான்.

வேலையில் இருந்தவரை காதால் அவருக்கு ஒரு தொல்லையும் இல்லை. கிடங்கில் நாள் முழுக்க இயந்திரம் இரையும். யார் என்ன சொன்னாலும் தலையாட்டினால் போதும். வீட்டுக்கு வந்தால் மனைவி மார்லிஸ் பேசுவாள். ஆனால் சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் நடுவில் எவ்வளவுதான் பேசிவிட முடியும்? ஓய்வு பெற்ற மறுவாரம்தான் அவருக்கு நிலைமை விளங்கியது. கல்யாணமான நாளிலிருந்து சொல்ல நேரமில்லாமல் போன அத்தனையையும் மார்லிஸ் பத்திரமாகச் சேர்த்து வைத்திருந்தாள். இப்போது ஆள் வீட்டோடு அகப்பட்டுவிட்டார். அவிழ்த்துவிட்டாள்.

ஆர்விட்டுக்கு இருந்த ஒரே புகலிடம் வீட்டுக்கு அடியிலிருந்த நிலவறை. அங்கே ஒரு மேஜை. மேஜையில் திருகி வைத்த ஒரு பிரஸ், ஒரு குட்டித் தராசு, வெடிமருந்து டப்பா, தோட்டாக்களின் காலிப் பித்தளைக் கூடுகள். அவரிடம் ஒரு லீவர் துப்பாக்கி இருந்தது. விசைக்குப் பின்னால் இருக்கும் வளையத்தைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் காலிக் கூடு துள்ளி வெளியே விழும், அடுத்த தோட்டா ஏறிக்கொள்ளும். அந்தத் துப்பாக்கிக்கு வேண்டிய தோட்டாக்களை அவரேதான் அடைப்பார். மொன்டானா மாநிலத்தின் அந்தப் பக்கத்தில் பாதிப்பேர் கடையில் வாங்கித்தான் மான் வேட்டைக்குப் போகிறார்கள். ஆர்விட் அவர்களைப் பார்த்துப் பரிதாபப்படுவார். கடைத் தோட்டாவால் மான் சுடுவது அடுத்தவன் தேடிக் கொடுத்த பெண்ணைக் கட்டிக்கொள்வது மாதிரி என்பார். மார்லிஸைத் தானே தேடிக் கட்டிக்கொண்டவர் அவர் என்பதை மறந்துவிட்டுச் சொல்வார்.

வேலை பார்ப்பதற்குச் சுலபம்தான். சுட்டு முடிந்த கூட்டைத் துடைத்து, பிரஸ்ஸில் வைத்து அழுத்திப் பழைய வடிவுக்குக் கொண்டுவந்து, அடியில் தட்டினால் வெடிக்கும் புது கேப் பொருத்தி, மருந்தை நிறுத்து உள்ளே விட்டு, மேலே குண்டை உட்கார்த்த வேண்டும். அந்தக் குண்டுக்கு மூக்கு மொட்டையாக இருக்க வேண்டும். ஏனென்றால் இந்த வகைத் துப்பாக்கியில் சுடும் குழலுக்கு அடியிலுள்ள இன்னொரு குழாய்க்குள் தோட்டாக்கள் ஒன்றின் பின்னால் ஒன்றாகப் படுத்திருக்கும். பின்னால் இருப்பதன் மூக்கு முன்னால் இருப்பதன் பிட்டத்தில் முட்டிக்கொண்டிருக்கும். மூக்கு கூராக இருந்தால் ஒரு குலுக்கலில் வெடித்துவிடும். அதனால் மூக்கை மழுங்கடித்துத்தான் உள்ளே விடுவார்கள். இத்தனை வருஷம் ஒரே வீட்டில் குடித்தனம் நடத்தியவருக்கு இந்த ஏற்பாட்டை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஆனால் வேலைக்குக் கவனம் வேண்டும். ஒரு கூட்டில் மருந்து விட்டோமா இல்லையா என்று சந்தேகம் வந்தால் தொலைந்தது. விடாமல் போனால் குண்டு சுடும் குழலிலேயே சிக்கிக்கொள்ளும். இரண்டு தடவை விட்டுவிட்டால் துப்பாக்கி போகும், கூடவே சுடுகிறவரின் முகமும் போகும். சந்தேகம் வந்த இடத்தில் அத்தனை கூட்டையும் கவிழ்த்துக் கொட்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். ஆர்விட் எப்போது மருந்தை நிறுக்க ஆரம்பிப்பாரோ அப்போதுதான் மேலே சமையலறைத் தரையில் சூடான காற்று ஏறுவதற்காகப் பதித்திருந்த சல்லடை வழியாகக் குரல் இறங்கும்.

"ஆர்விட், மருந்து போட்டியா?"

"மருந்துதான் போட்டுக்கிட்டிருக்கேன்."

"அந்த மருந்தில்ல. ரத்தக் கொதிப்பு மாத்திரை."

"நீ கூப்பிடறதை நிறுத்து, கொதிப்பு தானா இறங்கிடும்."

அன்றைக்கும் அத்தனையையும் கொட்டவேண்டி வந்தது. வசந்தத்தில் அந்த மாதிரி எத்தனை நாள். மார்லிஸிடம் விளக்கிச் சொல்லிப் பார்த்தார். கவனம் சிதறினால் உயிருக்கே ஆபத்து என்றார். அப்படி உயிருக்கு ஆபத்தான வேலையை வீட்டுக்கு அடியில் எதற்குச் செய்கிறாய் என்று அவள் கேட்டாள். அதற்கும் பதில் சொல்லவேண்டி வந்தது. அந்தப் பதிலுக்கு ஒரு பதில் வந்தது.

அந்தச் சமயத்தில்தான் காது டாக்டரிடம் போனார். இடது காது கொஞ்சம் மந்தம், நெடுநாள் துப்பாக்கி சுட்டவர்களுக்கு வருவதுதான், வலது காது பழுதில்லை என்றார் டாக்டர். வீட்டுக்கு வருவதற்குள் இரண்டு காதும் போய்விட்டன.

மார்லிஸ் அதைக் கேட்டு அடுப்பை அணைத்தாள். பிறகு பக்கத்தில் வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த வாரம் முழுக்க அவருக்குப் பிடித்த, ரூபார்ப் தண்டை இனிப்பாக்கி மாவுக்குள் வைத்துச் சுடும் பலகாரம் செய்தாள். ஆர்விட்டுக்குக் கொஞ்சம் உறுத்தியது. பலகாரத்தைச் சாப்பிட்டதும் சரியாகப் போய்விட்டது.

அதன் பிறகு ஒரு பொற்காலம். மேலே குரல் கேட்கும். கீழே ஆர்விட் நிதானமாக மருந்து நிறுப்பார். முதலில் மார்லிஸ் கத்திப் பார்த்தாள். பிறகு சைகை காட்டினாள். புல் வெட்ட வேண்டும் என்பதற்கு அவள் காட்டிய சைகையைப் பார்த்து ஆர்விட் போய்த் தலைமுடி வெட்டிக்கொண்டு வந்தார். கொஞ்சம் கொஞ்சமாக அவள் பேச்சே குறைந்துவிட்டது. சாப்பாட்டு மேஜையில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டாள். அவளுடைய அக்கா கார்லா தொலைபேசியில் அழைத்தால் மட்டும் பேசினாள். ஒருநாள் அவள் கார்லாவிடம் சொன்னது அவர் காதில் விழுந்தது. பெரிய வித்தியாசம் ஒன்றுமில்லை, காது கேட்ட காலத்திலும் அவன் நான் பேசியதைக் கேட்டதில்லை என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் ஆர்விட் சமாளித்திருப்பார். அவள் ரொம்பச் சாதாரணமாகச் சொன்னாள்.

ஜூலை மாதம் ஒரு மத்தியானம். ஆர்விட் ஐம்பது கூடுகளை மரப்பலகையில் வரிசையாக நிறுத்தி மருந்து விட்டுக்கொண்டிருந்தார். மார்லிஸ் படி இறங்கி வந்தாள். நிலவறைக்கு அவள் வருவதே இல்லை. கடைசிப் படிக்கு மேல் படியில் உட்கார்ந்தாள். ஆர்விட் முதுகைக் காட்டியபடி இருந்தார். அவள் தாழ்ந்த குரலில் அந்த முதுகிடம் பேசினாள்.

"மார்புல ஒரு கட்டி இருக்கு, ஆர்விட். போன வாரம் படம் எடுத்தாங்க. பில்லிங்ஸ் ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டு எடுத்துப் பாக்கணுமாம். எங்க அம்மாவுக்கு இப்படித்தான் ஆரம்பிச்சுது. எனக்குப் பயமா இருக்கு."

அவ்வளவுதான் சொன்னாள்.

ஆர்விட் திரும்பியிருக்கலாம். திரும்பத்தான் நினைத்தார். ஆனால் திரும்பினால் கேட்டது தெரிந்துவிடும். கேட்டது தெரிந்தால் இத்தனை மாதமும் கேட்டது தெரிந்துவிடும். இந்தச் சமயத்தில் அதையும் அவள் தலையில் போடுவானேன் என்று அவளுக்காகவே யோசித்தார். அப்படித்தான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கையிலிருந்த மருந்தை அடுத்த கூட்டில் விட்டார். படியில் காலடிச் சத்தம் மேலே போய் ஓய்ந்தது. பலகையைப் பார்த்தார். எதில் விட்டோம், எதில் விடவில்லை என்று ஒன்றும் தெரியவில்லை. எல்லாவற்றையும் கவிழ்த்துக் கொட்டினார்.

அன்று இரவுச் சாப்பாடு முடிந்ததும் பாத்திரங்களை அவரே கழுவி வைத்தார். தன்னால் முடிந்த ஆறுதல் என்று அதை நினைத்துக்கொண்டார்.

பில்லிங்ஸுக்குக் கார்லாவோடு போய் வந்தாள் மார்லிஸ். அவரிடம் துணி வாங்கப் போவதாகச் சைகை காட்டினாள். ஆகஸ்டில் ஒருநாள், ஒன்றும் இல்லையாம், வெறும் நீர்க்கட்டியாம் என்று அவள் கார்லாவிடம் தொலைபேசியில் சொல்வதை ஆர்விட் பின்வாசலில் நின்று கேட்டார். கவிழ்த்து வைத்திருந்த வாளியின் மேல் உட்கார்ந்துவிட்டார். உள்ளே ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. எதற்காக என்று அவள் கேட்டால் என்ன சொல்வது? கீழே இறங்கிப்போய்த் தோட்டா அடைத்தார். அவர் வாழ்நாளில் அவ்வளவு நல்ல தோட்டாக்களை அடைத்ததில்லை.

அதற்குப் பிறகு மார்லிஸ் கத்துவதை நிறுத்திவிட்டாள். சைகையும் இல்லை. அவர் முகத்தைப் பார்த்து, புன்சிரிப்போடு, சாதாரணக் குரலில் பேசினாள். பழகிவிட்டாள், பாவம் என்று ஆர்விட் நினைத்தார்.

ஒருநாள் சாப்பிடும்போது சொன்னாள். "கார்லாவுக்கு மூட்டு வலி. தனியா இருக்க முடியலைங்கறா. இங்கேயே வந்து இருக்கட்டும்னு பாக்கறேன். நீ டிவி பாக்கற ரூமைக் குடுத்துடலாம். உனக்கு வேண்டாம்னா இப்பவே சொல்லு."

கார்லா. ஆர்விட் ஒரு முழு உருளைக்கிழங்கை வாயில் திணித்துக்கொண்டார். மார்லிஸுக்குப் பேசவே வராது என்று எண்ண வைக்கக்கூடிய ஒரே பெண்மணி உலகத்தில் கார்லாதான். மார்லிஸ் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் பொறுமையாகக் காத்திருந்தாள். ஆர்விட் மென்றார். விழுங்கினார்.

"சரின்னு எடுத்துக்கறேன்," என்றாள் மார்லிஸ்.

செப்டம்பரில் கார்லா வந்து இறங்கினாள். மைத்துனருக்குக் காது கேட்காது என்று சொல்லி வைத்திருந்ததால் அவருடைய வலது காதுக்குள் வாயை வைத்துக் கத்தினாள். செத்துப்போன கணவனின் வயிற்றுக் கோளாறுகளை வருஷவாரியாகக் கத்தினாள். டாக்டர் பழுதில்லை என்று சொன்ன காது அது. இப்படியே போனால் தீர்மானம் தானாகவே நிறைவேறிவிடும் போலிருந்தது. நிலவறைக்குப் போனால் அவளும் ஒவ்வொரு படியாக இறங்கி வந்தாள்.

ஆர்விட் பல்லைக் கடித்துக்கொண்டு அக்டோபருக்காகக் காத்திருந்தார். மான் வேட்டைக் காலம் தொடங்கியதும் பக்கத்து வீட்டு டுவேனும் அவரும் மலைச்சரிவில் கூடாரம் போட்டுத் தங்குவது வருஷாவருஷம் நடப்பது. டுவேன் மனைவியை இழந்தவன். பல்குச்சியைக் கடித்துக்கொண்டு நாளைக்கு நாலு வார்த்தை பேசுவான். அவனோடு கூடாரத்தில் இருப்பது தேவாலயத்தில் இருப்பதை விட நிம்மதி. மார்லிஸ் கல்யாணமான புதிதில் நானும் வருகிறேன் என்று கேட்டிருக்கிறாள். அங்கே பேச்சு ஆகாது, மான் ஓடிவிடும் என்று சொல்லி ஆர்விட் மறுத்திருக்கிறார். வருஷா வருஷம் கேட்டாள், வருஷா வருஷம் மறுத்தார்.

வேட்டை தொடங்குவதற்கு முந்தின வாரம் டுவேனை மார்லிஸ் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாள். ஆர்விட் துப்பாக்கிக்கு எண்ணெய் போட்டு முடித்துவிட்டு உற்சாகமாக வந்து உட்கார்ந்தார். கார்லா எதிரே. எல்லோருக்கும் பரிமாறிவிட்டு மார்லிஸ் ஆரம்பித்தாள்.

"டுவேன், இந்த வருஷம் ஆர்விட்டை உன்கூட அனுப்ப எனக்கு மனசு வரல."

டுவேன் பல்குச்சியை எடுத்தான். "ஏன், உடம்புக்கு என்ன?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல, கல்லு மாதிரி இருக்கான். காதுதான். நீ பள்ளத்துல நின்னுக்கிட்டு, சுடாதே, நான் இங்க இருக்கேன்னு கத்தறேன்னு வை. இவனுக்கு எப்படிக் கேக்கும்?"

டுவேன் ஆர்விட்டைப் பார்த்தான். ஆர்விட் காதில் எதுவும் விழாதவராகப் பட்டாணியைத் தேடித் தேடிக் குத்தினார்.

"நானும் யோசிச்சேன்," என்றான் டுவேன் தயங்கியபடி. "அவன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல."

"நான் சொல்லிக்கறேன். எனக்கு வேட்டை லைசென்ஸ் இருக்கு. அவனுக்குப் பதிலா நான் வர்றேன்."

"உனக்குச் சுட வருமா?"

"எங்க அப்பா பண்ணையில கன்னுக்குட்டிய தூக்க வந்த ஓநாய எல்லாம் யார் சுட்டதுன்னு நெனச்சே? இந்தக் கார்லாவா?"

"நான் வெடிச் சத்தம் கேட்டாலே படுத்துடுவேன்," என்றாள் கார்லா.

"துப்பாக்கி?" என்று கேட்டான் டுவேன்.

"இவனோடது சும்மாத்தானே இருக்கு. தோட்டாவும் வசந்தத்துலேர்ந்து உக்காந்து அடைச்சு வச்சிருக்கான். வீணாப் போகக் கூடாதில்ல." மார்லிஸ் புருஷன் பக்கம் திரும்பினாள். அதே புன்சிரிப்பு, அதே சாதாரணக் குரல். "என்ன ஆர்விட், நான் எடுத்துக்கட்டுமா?"

ஆர்விட் பட்டாணியை வாயில் போட்டுக்கொண்டார். அது அவ்வளவு கசக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

அந்த வாரம் முழுக்க அவர் வழி தேடினார். உண்மையைச் சொல்லிவிடலாம். சொன்னால் டுவேன் முகத்தில் விழிக்க முடியாது. ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். ஜூலை மாதத்து மத்தியானமும் வெளியே வந்துவிடும். கடைசியில் புறப்படுகிற அன்று விடியற்காலை வழி கிடைத்தது. காது போனது போலவே வந்துவிட்டால் என்ன?

வாசலில் டுவேனின் டீசல் வண்டி உறுமிக்கொண்டிருந்தது. காற்று வேறு. மார்லிஸ் வேட்டைக்காரர்களின் ஆரஞ்சு நிறச் சட்டை போட்டுக்கொண்டு அவருடைய துப்பாக்கியை வண்டியில் வைத்துக்கொண்டிருந்தாள். ஆர்விட் சட்டைப் பொத்தானைக்கூடப் போடாமல் ஓடி வந்தார்.

"மார்லிஸ், எனக்குக் கேக்குது. இப்பத்தான் தும்மினேன். பட்டுனு திறந்துக்கிச்சு."

மார்லிஸ் சந்தோஷமாகத் திரும்பினாள். "அப்படியா? எங்க, நான் சொல்றதைத் திருப்பிச் சொல்லு பாப்போம்."

டுவேனுக்குப் பாதி முதுகைக் காட்டிக்கொண்டு அவர் எதிரில் வந்து நின்றாள். உதட்டை அசைத்தாள். நிதானமாக, நீளமாக, ஒரு முழு வாக்கியத்துக்கு அசைத்தாள். சத்தம் ஒரு துளி வரவில்லை.

ஆர்விட் அவள் உதடுகளையே பார்த்தார். ஒரு கணம் உண்மையாகவே காது போய்விட்டதோ என்று பயந்துவிட்டார். டீசல் சத்தம் நன்றாகத்தான் கேட்டது.

"நீ சத்தமே போடலையே," என்றார்.

மார்லிஸ் டுவேன் பக்கம் திரும்பி வருத்தமாகத் தலையை ஆட்டினாள். டுவேன் வண்டிக்குள் இருந்து அவள் தாடை அசைவதைப் பார்த்தவன்தான். வார்த்தை கேட்கவில்லை என்றாலும் இஞ்சின் சத்தத்தில் அவன் அதை எதிர்பார்க்கவும் இல்லை. இறங்கி வந்து ஆர்விட்டின் தோளை அணைத்துக்கொண்டான். காதுக்குள் தன்னால் முடிந்தமட்டும் கத்தினான்.

"கவலைப்படாதே. பத்திரமாக் கூட்டிட்டு வந்துடறேன்."

அவன் கண் லேசாகக் கலங்கியிருந்தது. வண்டி கிளம்பி வளைவில் மறைந்தது. அவளுக்குத் தெரியும் என்பது ஆர்விட்டுக்கு அப்போதுதான் உறைத்தது. குளிரில் பொத்தானில்லாத சட்டையோடு நின்றுகொண்டிருந்தவரின் வலது காதை நோக்கிக் கார்லா நடந்து வந்தாள்.

அவர்கள் திரும்பி வர ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆயிற்று. வண்டியின் பின்னால் ஒரு பெரிய ஆண்மான் கிடந்தது. கிளை கிளையாகக் கொம்பு. ஆர்விட் இத்தனை வருஷத்தில் அப்படி ஒன்றைச் சுட்டதில்லை. டுவேன் நாலு வார்த்தைக் கணக்கை மறந்து பேசிக்கொண்டே இருந்தான். காற்று எந்தப் பக்கம், மார்லிஸ் எங்கே மண்டியிட்டாள், எவ்வளவு நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள் என்று கார்லாவுக்கு நடித்துக் காட்டினான். கூடாரத்தில் இரண்டு ராத்திரியும் பேசிப் பேசித் தூங்கவே இல்லை என்றான். அடுத்த வருஷத்துக்கும் இடம் பார்த்து வைத்தாகிவிட்டது என்றான். ஆர்விட் பக்கத்திலேயே நின்றார். யாரும் அவரிடம் சொல்லவில்லை. அவருக்குத்தான் கேட்காதே.

அவர் நிலவறைக்குப் போய் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் மார்லிஸ் துப்பாக்கியோடு இறங்கி வந்தாள். அதை மாட்டிவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு காலிக் கூட்டை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"ஒண்ணுதான் செலவாச்சு. நல்லா அடைச்சிருக்கே."

ஆர்விட் அந்தக் கூட்டைப் பார்த்தபடி சொன்னார். "மார்லிஸ், எனக்குக் காது கேக்கும்."

"தெரியும்."

"அன்னிக்கு வண்டிகிட்ட நான் ஓடி வந்தப்ப..."

"அதுக்கு ரொம்ப முன்னாடியே. ஜூலையில."

ஆர்விட் காலிக் கூட்டைக் கையில் எடுத்தார்.

"அதுவரைக்கும் நம்பித்தான் இருந்தேன்," என்றாள் அவள். "நீ செவிடுன்னுதான் உன்கிட்ட வந்து சொன்னேன். எனக்கு அதை ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பாக்கணும்போல இருந்துச்சு. கேக்கற ஆள்கிட்ட சொல்லத் தைரியமில்ல. சொல்லிட்டு மேல போயிட்டேன். கலகலன்னு சத்தம் கேட்டுச்சு. எட்டிப் பாத்தேன். நீ எல்லாக் கூட்டையும் கவுத்துக் கொட்டிக்கிட்டிருந்தே. கேக்காத மனுஷனுக்கு எதுக்குக் கணக்குத் தப்பணும்?"

"என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியல, மார்லிஸ்."

"ஒண்ணும் சொல்லியிருக்க வேணாம். மேல வந்து பக்கத்துல உக்காந்திருந்தாப் போதும். அதுக்குக் காது வேண்டியதில்ல."

அவள் குரல் உயரவில்லை. கத்தியிருக்கலாம் என்று ஆர்விட் ஏங்கினார். சல்லடை வழியாக இறங்கி வருமே, அந்தக் குரலில் ஒரு தடவை அவரைத் திட்டியிருக்கலாம். அவள் மேஜையிலிருந்த பித்தளைத் தூசியை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுத் துணியில் துடைத்துக்கொண்டாள். படியேறப் போனாள்.

ஆர்விட் எழுந்து நின்றார். "இனிமே கேக்கறேன். எது சொன்னாலும், எந்நேரமும், இந்த வேலையைக் கீழ போட்டுட்டுக் கேக்கறேன்."

மார்லிஸ் படியில் நின்று திரும்பிப் பார்த்தாள்.

"நல்லது," என்றாள். "கார்லாகிட்ட சொல்லிடறேன்."